இருபத்தேழு சீட்டும் ஒரு மூல நட்சத்திரமும்

ஒரு சிறுகதையைப் படித்து முடித்ததும் "இதை எப்படி எழுதினார்?" என்று நாம் முதலில் கேட்பதில்லை. என்ன நடந்தது, ஏன் அங்கே போய் முடிந்தது, மனசுல எது தங்கிச்சு என்றுதான் பேசுகிறோம். பாட்டுக்கும் சினிமாவுக்கும் அப்படித்தான். சீட்டு வித்தைக்கு மட்டும் நம்மிடம் ஒரே ஒரு கேள்வி இருக்கிறது: "எப்படிப் பண்ணுனான்?" விடை தெரிந்துவிட்டால், "ப்பூ, இவ்ளோதானா." தெரியாவிட்டால், "கையில ஏதோ வேகம் வச்சிருக்கான்." இந்த இரண்டுக்கும் நடுவில் விமர்சனத்துக்கு உட்கார இடமே இல்லை. ஒரு வித்தை ஏன் நல்ல வித்தை, இன்னொன்று ஏன் சலிப்பூட்டுகிறது என்று பிரித்துச் சொல்ல நாம் பழகவில்லை.

கொஞ்சம் பழகிப் பார்க்கலாம். எல்லோருக்கும் தெரிந்த ஒரு மோசமான வித்தையை எடுத்துக்கொள்வோம். அதன் எலும்புகளை வைத்தே துடியலூரில் என் நண்பர் ஒருவர் உருவாக்கிய வேறொரு வித்தையைப் பக்கத்தில் வைப்போம். இரண்டுக்கும் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். வித்தை ஒன்றல்ல. அந்த இடைவெளியில்தான் ஆக்கம் என்று நாம் சொல்லும் எல்லாமே இருக்கிறது என்பது என் வாதம்.

*

21 சீட்டு வித்தை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. லீவுக்கு வந்த மாமா பையனோ, ஹாஸ்டல் ரூம்மேட்டோ கட்டாயம் ஒருமுறை காட்டியிருப்பார்கள். 21 சீட்டு. மூன்று வரிசை, வரிசைக்கு ஏழு. ஒரு சீட்டை மனசுல நினைச்சுக்கோ. எந்த வரிசையில இருக்கு? அந்த வரிசையை நடுவில் வைத்து அடுக்கி, மறுபடி மூன்று வரிசை. இப்ப எதுல இருக்கு? மறுபடியும். மூன்றாம் முறை அடுக்கி முடித்ததும் நீங்கள் நினைத்த சீட்டு மேலிருந்து 11ஆவதாக நிற்கும். எப்போதும் 11ஆவது. தப்பவே தப்பாது.

காரணம் எளிது. முதல் சுற்றில் உங்கள் சீட்டு நடுவில் இருக்கும் ஏழில் ஒன்றாகிறது. இரண்டாம் சுற்றில் நடு மூன்றில் ஒன்று. மூன்றாம் முறை பரப்பும்போது எந்த வரிசையில் விழுந்தாலும் அது அந்த வரிசையின் நான்காவது சீட்டு. உண்மையில் நீங்கள் மூன்றாம் முறை விரலை நீட்டும்போதே வித்தைக்காரனுக்குச் சீட்டு தெரிந்துவிடுகிறது.

தப்பே வராத வித்தை எப்படி மோசமான வித்தை ஆகும்? பார்க்கிறவர் பக்கம் இருந்து பாருங்கள். ஒருவன் 63 முறை ஒரு சீட்டை எடுத்துக் கீழே வைக்கிறான். மூன்று முறை ஒரே கேள்வியைக் கேட்கிறான். எதற்காக மூன்று? ஏன் நடுவில்? ஏன் 21? எதற்கும் அவன் பதில் சொல்வதில்லை. கடைசியில் சீட்டு வந்ததும் உங்களுக்கு என்ன தோன்றும்? "ஏதோ கணக்கு." அந்தக் கணக்கு என்னவென்று தெரியாது. ஆனால் கணக்கு என்று தெரியும். ஆச்சரியம் அங்கேயே செத்துப்போகிறது. ரகசியம் காப்பாற்றப்பட்டிருக்கிறது, வித்தை காப்பாற்றப்படவில்லை.

ஸ்பெயின் நாட்டு வித்தைக்காரர் ஹுவான் தாமரிஸ் இதைப் பற்றி விரிவாக யோசித்தவர். பார்க்கிறவர் மனசு சும்மா இருக்காது, ஒவ்வொரு கட்டத்திலும் "இப்படி இருக்குமோ, அப்படி இருக்குமோ" என்று வழி தேடிக்கொண்டே போகும். அந்தத் தப்பான வழிகளையும் சேர்த்து அடைத்தால்தான் வித்தை வித்தையாகும் என்பது அவர் கோட்பாட்டின் சாரம். 21 சீட்டு வித்தை எந்த வழியையும் அடைப்பதில்லை. கணக்கு என்ற பெரிய சாலையைத் திறந்து போட்டுவிட்டு, அதற்குள் இருக்கும் ஒரு சின்ன சந்தை மட்டும் மறைக்கிறது.

*

அப்படியானால் நல்ல வித்தைக்கு என்ன அளவுகோல்? நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று. பார்த்தவர் மறுநாள் இன்னொருவரிடம் அதை எப்படிச் சொல்கிறார்? அவர் சொல்கிற அந்த ஒரு வாக்கியம்தான் வித்தை. மேசையில் நடந்தது அதற்கான ஏற்பாடு.

1922இல் சிகாகோவில் டாய் வெர்னன் என்ற இளம் வித்தைக்காரர் ஹூடினிக்கு ஒரு சீட்டு வித்தையைக் காட்டினார். ஒரே வித்தையை மூன்று முறை பார்த்தால் எதையும் கண்டுபிடித்துவிடுவேன் என்று சவால் விட்டுக்கொண்டிருந்தவர் ஹூடினி. அவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. அதன் கதைச்சுருக்கம் இவ்வளவுதான்: கட்டின் மேலிருந்து இரண்டாவதாக வைத்த சீட்டு மறுபடி மறுபடி மேலே வந்துகொண்டே இருக்கிறது. ஆறு வயசுக் குழந்தைகூடத் திருப்பிச் சொல்லிவிடும். 1942இல் பால் கரி வெளியிட்ட வித்தையும் அப்படித்தான்: சீட்டின் முகத்தைப் பார்க்காமலேயே நீங்கள் சிவப்பை ஒரு பக்கம், கறுப்பை ஒரு பக்கம் பிரித்துவிடுகிறீர்கள். செய்தது வித்தைக்காரர் இல்லை, நீங்கள்! எண்பது ஆண்டுகள் ஆகியும் அதை மிஞ்ச ஆளில்லை என்று பலர் சொல்வதற்குக் காரணம் அந்த ஒற்றை வரி.

21 சீட்டு வித்தையின் மறுநாள் வாக்கியம் என்ன? "மூணு வரிசையா வச்சான், எதுல இருக்குன்னு கேட்டான், எடுத்தான், மறுபடி வச்சான், மறுபடி கேட்டான்…" சொல்பவருக்கே கொட்டாவி வருகிறது. அது கதை இல்லை, செய்முறை.

இங்கே ஒரு பழைய விமர்சகரைக் கூட்டி வரலாம். 1821இல் ஆங்கிலக் கட்டுரையாளர் வில்லியம் ஹாஸ்லிட், லண்டனில் பார்த்த இந்திய வித்தைக்காரர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் காலத்து லண்டன் மேடைகளில் பெயர் பெற்றிருந்தவர் ராமோ சாமி. நம் ராமசாமிதான், ஆங்கில விளம்பரத் தாளில் அப்படி ஆகிவிட்டார். கிண்ணமும் பந்தும் வைத்துச் செய்யும் வித்தையும் வாள் விழுங்குவதும் அவர் காட்டியவை. கிண்ணத்தையும் பந்தையும் வைத்துச் செய்வதற்கு நம்மிடம் செப்பிடுவித்தை என்று தனிச் சொல்லே உண்டு. ஹாஸ்லிட் பித்தளைப் பந்துகளைச் சுழலவிட்ட ஒருவரைப் பார்த்து அசந்துபோய்த் தன்னையே கேட்டுக்கொள்கிறார்: இவன் அளவுக்குக் குறையே இல்லாமல் நான் என் வாழ்க்கையில் எதைச் செய்திருக்கிறேன்? பிறகு ஒரு வேறுபாட்டைச் சொல்கிறார். கைத்திறனுக்குத் தெளிவான அளவுகோல் உண்டு, பந்து விழுந்ததா இல்லையா என்று பார்த்தால் போதும். எழுத்துக்கு அப்படி இல்லை.

பந்து வீசுவதற்கு அது சரி. சீட்டு வித்தையைக் கைத்திறன் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் அதற்கும் சரி. ஆனால் ஒரு வித்தையை வடிவமைப்பது எழுத்துக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை. பந்து கீழே விழாமலேயே தோற்றுப்போகிற வித்தைகள் உண்டு. 21 சீட்டு அதற்கு நல்ல சாட்சி.

*

புது வித்தையை உருவாக்க நினைக்கிற தமிழ்ப் பையன்களிடம் ஒரு விஷயத்தைப் பார்க்கிறேன். கையில் நல்ல பயிற்சி இருக்கிறது. யூடியூப் பார்த்து மாசக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள். ஆனால் வாயைத் திறந்ததும் லாஸ் வேகாஸ் வந்துவிடுகிறது. நான்கு ராஜாக்கள் ஹோட்டலில் ரூம் எடுக்கிறார்கள், நான்கு ஆசுகள் பேங்கைக் கொள்ளையடிக்கின்றன. காந்திபுரத்தில் நின்றுகொண்டு யாருக்காகச் சொல்கிறோம் இந்தக் கதையை?

நம் ஊரில் சீட்டு என்பது வெறும் அட்டை இல்லை. அந்தச் சொல்லை ஒருமுறை உருட்டிப் பாருங்கள். பஸ்ஸில் சீட்டு, டாக்டர் எழுதித் தரும் மருந்துச் சீட்டு, ரேஷன் கடைச் சீட்டு. மாசாமாசம் கட்டுற சீட்டு. கொங்குப் பக்கம் "சீட்டு எடுத்துட்டியா?" என்றால் முதலில் அந்த ஏலச்சீட்டுதான் ஞாபகத்துக்கு வரும், பின்னாலேயே ஓடிப்போன சீட்டுக் கம்பெனிக்காரனும் வருவான். கையில் 52 சீட்டுக் கட்டை எடுத்தால் "அதை உள்ளே வை, வீட்டுக்கு ஆகாது" என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மங்காத்தாவில் உள்ளே வெளியே என்று போன நிலம் எத்தனையோ. திருவிழாவில், பஸ் ஸ்டாண்டு ஓரத்தில், துணியை விரித்து மூணு சீட்டு போடுகிறவன் இருந்தான். ராணியைக் கண்டுபிடி, பணத்தை இரட்டிப்பாக்கு. சுற்றி நிற்பவர்களில் பாதிப் பேர் அவன் ஆட்கள். அண்மையில் அது போனுக்குள் போய்விட்டது. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2022இல் சட்ட மசோதா கொண்டுவந்து, அது 2023 ஏப்ரலில் சட்டமானபோது நாம் பேசிக்கொண்டிருந்தது ரம்மியில் காசை விட்டு உயிரையும் விட்டவர்களைப் பற்றி.

ஆக, தமிழ் வீட்டில் ஒருவன் சீட்டுக் கட்டை எடுக்கும்போதே ஒரு சந்தேகம் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது: "இவன் என்னை ஏமாத்தப் போறான்." இதை அசௌகரியமாக நினைக்கிற வித்தைக்காரர்கள் உண்டு. எழுதுகிறவனுக்கு இது கச்சாப்பொருள். ஏமாற்றுவதற்கும் வித்தைக்கும் தொழில்நுட்பத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. சீட்டு வித்தைக்காரர்கள் வேதமாக வைத்திருக்கும் எர்ட்னேஸின் 1902ஆம் ஆண்டுப் புத்தகம் பாதிக்கு மேல் சூதாட்டத் திருட்டைப் பற்றியது. மூணு சீட்டும் அதில் உண்டு. வித்தியாசம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. மூணு சீட்டுக்காரன் "ஏமாற்றவில்லை" என்று சொல்லி ஏமாற்றுகிறான். வித்தைக்காரன் "ஏமாற்றப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு ஏமாற்றுகிறான். இந்த ஒப்பந்தம் எங்கே கிழிகிறது என்பதுதான் இனி நான் பேசப்போகிற வித்தையின் முக்கியமான கேள்வி.

*

நண்பர் ஒரு மோட்டார் பம்ப் பட்டறையில் வேலை பார்ப்பவர். துடியலூர்க்காரர். மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கும் மண்டபங்களில் ரிசப்ஷன் நடக்கும்போது பந்திக்குக் காத்திருப்பவர்கள் நடுவே போய் நின்று வித்தை காட்டுவார். காசு வாங்குவதில்லை. 21 சீட்டை விட்டொழித்து 27 சீட்டுக்குப் போகலாம் என்று அவருக்குத் தோன்றியதிலிருந்து இந்த வித்தை தொடங்குகிறது.

27 சீட்டுக் கணக்கு புதிதல்ல. 1810களில் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜெர்கோன் அதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். மூன்று வரிசை, வரிசைக்கு ஒன்பது, மூன்று சுற்று. 21இல் சீட்டு எப்போதும் நடுவில்தான் போய் நிற்கும். 27இல் நீங்கள் விரும்பும் எந்த இடத்துக்கும் அதை அனுப்பலாம். ஒன்றாம் இடம் முதல் 27ஆம் இடம் வரை. கணித வகுப்புகளில் "ஒரு எண்ணைச் சொல்லு" என்று கேட்டு இதைக் காட்டுவார்கள். நல்ல கணக்கு. வித்தையாகப் பார்த்தால் மறுபடி அதே கொட்டாவி.

நண்பர் எண்ணைக் கேட்கவில்லை. நட்சத்திரத்தைக் கேட்டார்.

அசுவினி முதல் ரேவதி வரை 27 நட்சத்திரம். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். 27 என்ற எண்ணுக்கு இப்போது யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். ஏன் மூன்று வரிசை? ஜாதகம் பார்க்கும் வீட்டில் அதற்கும் பதில் தயாராக இருக்கிறது: தேவ கணம், மனுஷ கணம், ராட்சச கணம். கணத்துக்குச் சரியாக ஒன்பது நட்சத்திரம். கல்யாணப் பொருத்தத்தில் கணப் பொருத்தம் என்று பார்ப்பது இதைத்தான். 21 சீட்டில் அர்த்தமில்லாமல் கிடந்த மூன்று வரிசை இங்கே பெயரோடு வருகிறது. கேள்வியும் மாறுகிறது. "எந்த வரிசைல இருக்கு?" என்பது போய், "உங்க சீட்டு எந்த கணமுங்க? தேவரா, மனுசரா, ராட்சசரா?"

இந்த ஒரு மாற்றத்தில் நடந்தது என்ன என்று பாருங்கள். செய்முறை சடங்காகிவிட்டது. மூன்று முறை கேட்பது சலிப்பாக இல்லாமல் வேடிக்கையாகிவிட்டது. ஏனென்றால் நினைத்த சீட்டு முதல் சுற்றில் தேவராக இருக்கும், அடுத்த சுற்றில் ராட்சசராகிவிடும், அதற்கடுத்து மனுஷர். கூட்டம் சிரிக்கும். மூன்று தடவையும் ஒரே கணத்தில் விழுந்தால், "பிடிவாதக்காரச் சீட்டுங்க இது" என்பார். அதற்கும் சிரிப்பு.

சீட்டை நினைப்பவர் ஒருவர், நட்சத்திரம் சொல்பவர் இன்னொருவர். மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருத்தர், பொண்ணு வீட்டிலிருந்து ஒருத்தர் என்று வைத்துக்கொள்வார். "பொருத்தம் பாத்துருவமுங்களா?" அவ்வளவுதான், ஒரு நாடகம் நிற்கிறது.

முடிவுதான் இதில் அழகு. எண்ணிக் காட்டுவதில்லை. கூட்டத்தில் வயதான ஒரு அம்மாவைப் பார்த்து, "அம்மிச்சி, நட்சத்திரப் பேரெல்லாம் வரிசையாச் சொல்லுங்க" என்பார். அவர் "அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி…" என்று சொல்லச் சொல்ல, பெயருக்கு ஒன்றாகச் சீட்டு கவிழ்ந்து விழுகிறது. அந்த அறையில் அந்தப் பட்டியல் முழுசாகத் தெரிந்தவர் பெரும்பாலும் அவர் மட்டும்தான். சின்னவர்கள் நாலைந்துக்கு மேல் தடுமாறுவார்கள். வித்தையின் உச்சம் வித்தைக்காரன் கையிலிருந்து நழுவி ஒரு பாட்டியின் வாய்க்குப் போய்விடுகிறது. சொன்ன நட்சத்திரத்தில் பட்டியல் நிற்கிறது. சீட்டைத் திருப்பினால், நினைத்த சீட்டு.

மறுநாள் வாக்கியம் என்ன? "நான் ஒரு சீட்டை மனசுல நெனச்சேன், அவ ஒரு நட்சத்திரம் சொன்னா. எங்க அம்மிச்சி வரிசையாச் சொல்லிட்டு வந்து அந்த நட்சத்திரத்துல நிறுத்துனா, என்ற சீட்டு அங்க நிக்குது." சொல்லிப் பாருங்கள். கதை.

கணக்கைச் சொல்வதில் துரோகம் ஒன்றுமில்லை, இருநூறு வருஷமாக அச்சில் இருக்கிறது. சீட்டுகளை முகம் தெரியும்படி ஒவ்வொன்றாக மூன்று வரிசையில் போட வேண்டும். அடுக்கிய பின் கட்டைக் கவிழ்க்க வேண்டும். அவிட்டம் என்றால் 23. அதற்கு மேலே 22 சீட்டு இருக்க வேண்டும். 22இல் இரண்டு ஒன்பது, ஒரு மூன்று, ஒரு ஒன்று. முதல் சுற்றுக்கு ஒன்றின் எண்ணிக்கை, இரண்டாம் சுற்றுக்கு மூன்றின் எண்ணிக்கை, கடைசிச் சுற்றுக்கு ஒன்பதின் எண்ணிக்கை. பூஜ்யம் வந்தால் காட்டிய வரிசையைக் கவிழ்த்த கட்டின் மேலே வை, ஒன்று வந்தால் நடுவில், இரண்டு வந்தால் அடியில். ஆக அவிட்டத்துக்கு நடு, நடு, அடி. சித்திரை என்றால் நடு, நடு, நடு. நம் பழைய 21 சீட்டு வித்தை செய்வது இதை மட்டும்தான், அதற்கு ஒரே ஒரு நட்சத்திரம்தான் தெரியும்.

கணக்கு ஜெர்கோனுடையது. நட்சத்திரப் பட்டியல் பஞ்சாங்கத்தில் இருப்பது. கணம் ஜோசியருடையது. நண்பர் புதிதாகக் கண்டுபிடித்தது என்று தனியாக எடுத்துக் காட்ட ஒரு பொருளும் இல்லை. ஆனாலும் இது அவருடைய வித்தை என்றுதான் சொல்வேன். ஏற்கெனவே இருந்த இரண்டு விஷயங்கள் ஒன்றுக்காக ஒன்று பிறந்த மாதிரி பொருந்துகிற இடத்தை ஒருவர் கண்டெடுக்கிறார். கவிதையில் உவமை பிறப்பதும் இப்படித்தானே.

*

இனி என் குறைகள்.

முதல் குறை அமைப்பில். முதல் சுற்றை அடுக்குவதற்கு முன்பே நட்சத்திரம் தெரிந்தாக வேண்டும். கூர்மையான பார்வையாளர் பின்னோக்கி நடந்து வந்தால், "நான் சொன்னதுக்கு அப்புறம்தானே சீட்டைப் பரப்புனான்" என்ற இடத்துக்கு வந்துவிடுவார். காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே இருக்கும் தூரத்தை எப்படி நீட்டுவது என்று டார்வின் ஓர்டிஸ் 2006இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். நண்பர் இதற்குக் கண்டுபிடித்த வழி எளிமையானது. சீட்டுக் கட்டை வெளியே எடுப்பதற்கு முன்னாலேயே, ஊர் உறவு என்று பேசும் பேச்சோடு பேச்சாக நட்சத்திரத்தைக் கேட்டுவிடுவார். சீட்டு வரும்போது அது பழைய பேச்சு. நல்ல தீர்வு.

இரண்டாவது குறை எல்லையில். நட்சத்திரம் பார்க்காத வீட்டில் இந்த வித்தைக்கு வேலை இல்லை. அங்கே எண்ணைக் கேட்டால் மறுபடி கணக்கு வகுப்பு. இது பெரிய குறை என்று நான் நினைக்கவில்லை. எல்லா ஊருக்கும் பொதுவான வித்தை எந்த ஊருக்கும் சொந்தமாக இருக்காது. அந்த வீட்டுக்கு வேறு வித்தை செய்ய வேண்டும், அவ்வளவே.

மூன்றாவதுதான் உண்மையான சிக்கல். நண்பர் ஆரம்பத்தில் கடைசிச் சீட்டைத் திருப்பும்போது ஒரு வசனம் சொல்வார்: "நட்சத்திரம் பொய் சொல்லாதுங்க!" கைதட்டல் வரும். நன்றாகவே வரும். வித்தையின் பாதை முழுவதும் ஜாதகத்தின் மேல் நடந்திருப்பதால் அந்த வசனம் தானாக வந்து விழுகிறது.

துடியலூரில் ஒரு வீட்டில் பால் காய்ச்சிய அன்று சாயங்காலம் அவர் இதைச் செய்தபோது நானும் இருந்தேன். நட்சத்திரம் கேட்டதும் ஒரு பெண், சரவணம்பட்டியில் ஏதோ ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவள், "மூலம்" என்றாள். அறையில் ஒரு சின்ன அமைதி. பக்கத்தில் இருந்த அத்தை, "வேற ஏதாச்சும் சொல்லு கண்ணு" என்றார். "இல்லீங்கத்தே, மூலம்தான்."

எதற்காக அந்த அமைதி என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம் என்பார்கள். மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்தவனுக்கு ஆகாது, விசாகம் இளையவனுக்கு ஆகாது. நான்கும் ராட்சச கணம். இந்தச் சொலவடைகளால் ஜாதகம் கையிலேயே தங்கிப்போன பெண்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். அவள் மூலம் என்று சொன்னது விளையாட்டுக்காகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

சீட்டுகள் பரவின. மூலம் 19. மேலே 18 இருக்க வேண்டும், இரண்டு ஒன்பது, வேறு மிச்சம் இல்லை. மேல், மேல், அடி. பாட்டி பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். கேட்டை தாண்டி மூலம் என்று சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. நண்பர் சீட்டைத் திருப்பவில்லை, அவளையே திருப்பச் சொன்னார். ஆர்ட்டின் ராணி. அந்தப் பக்கம் சீட்டை நினைத்திருந்த அக்கா, "அய்யோ!" என்றார். கைதட்டல்.

அன்றைக்கு நண்பர் அந்த வசனத்தைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "நட்சத்திரம் பொய் சொல்லாது" என்ற வரி, மற்ற 26 பேருக்கு வேடிக்கை. அவளுக்கு அது தீர்ப்பு. அதற்குப் பதிலாக அவர் சொன்னது வேறு: "மூலத்துக்கு வரச் சொன்னாலும், அசுவினிக்கு வரச் சொன்னாலும், சீட்டுக்கு ஒரே வேலைதானுங்க. இது கணக்குங்க, ஜோசியம் இல்லீங்க." அந்தப் பெண் எதுவும் சொல்லவில்லை. ராணியைக் கட்டின் மேல் வைத்துவிட்டு, "இன்னொரு தடவ பண்ணுங்க" என்றாள்.

இந்த மாற்றத்தை நல்லெண்ணம் என்று பாராட்டிவிட்டு நான் நகரப்போவதில்லை. கலைரீதியாகவும் இதுதான் சரியான முடிவு. எப்படி என்று சொல்கிறேன். வித்தையின் உள்ளே ஏற்கெனவே ஓர் உண்மை ஓடிக்கொண்டிருந்தது. ஒரே சீட்டு ஒரு சுற்றில் தேவர், அடுத்த சுற்றில் ராட்சசர். சீட்டு மாறவே இல்லை, பரப்பிய விதம்தான் மாறியது. 27 இடத்தில் எந்த இடத்துக்கும் அதே மூன்று அசைவில் போகலாம். எந்த இடமும் இன்னொன்றைவிடக் கடினம் இல்லை. ஆக, வித்தையின் கணக்கே ஜோசியத்தின் தரவரிசையை மறுத்துக்கொண்டிருக்கிறது. பழைய வசனம் இதற்கு நேர் எதிராக இழுத்தது. நாடகம் ஒன்று சொல்ல, வசனம் வேறொன்று சொன்னது. புது வசனம் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. நல்ல சிறுகதையின் கடைசி வரி புதிதாக எதையும் கொண்டுவருவதில்லை, முதலிலிருந்தே அங்கே இருந்ததைக் காட்டுகிறது. இதுவும் அப்படி.

"கணக்கு என்று சொன்னால் ஆச்சரியம் போய்விடாதா?" என்று ஒரு வித்தைக்கார நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. 21 சீட்டின் மேல் நான் வைத்த குற்றமே அது கணக்கு என்று தெரிந்துவிடுகிறது என்பதுதானே? வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. 21 சீட்டில் கணக்கு என்ற எண்ணம் வித்தை நடக்கும்போதே வந்து ஆச்சரியத்தைத் தின்றுவிடுகிறது. இங்கே ஆச்சரியம் முழுசாக நடந்து முடிகிறது, பாட்டி மூலம் என்று சொல்லி, சீட்டு திரும்பி, அய்யோ என்று ஒரு குரல் எழுந்த பிறகு அந்தச் சொல் வருகிறது. அப்போது அது விளக்கமாக வருவதில்லை, ஆறுதலாக வருகிறது. எப்படிப்பட்ட கணக்கு என்று யாருக்கும் தெரியாததால் ஆச்சரியமும் குறைவதில்லை.

*

கிளி ஜோசியரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரிடமும் சீட்டு அடுக்கு இருந்தது. கிளி ஒன்றை எடுத்தது. அவர் அதைப் பிரித்துப் படித்தார். அரங்கமைப்பிலும் பேச்சிலும் பார்க்கிறவர் பெயரை நடுவில் வைப்பதிலும் அவர் நம் ஊரின் தேர்ந்த சீட்டு நிகழ்த்துநர். அவர் ஒன்றே ஒன்றைச் சொல்லவில்லை, இது விளையாட்டு என்று. மூணு சீட்டுக்காரனும் சொல்லவில்லை. இருவருக்கும் அது பிழைப்பு, நான் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் வித்தை என்ற கலை தொடங்குவது அந்த ஒரு வார்த்தையைச் சொல்கிற இடத்தில்.

சினிமா இதற்கு உதவாது. மெர்சல் படத்தில் விஜய் வித்தைக்காரராக வந்த 2017க்குப் பிறகு பல பையன்கள் சீட்டுக்கட்டு வாங்கினார்கள் என்றால் சந்தோஷம்தான். ஆனால் திரையில் எதுவும் நடக்கலாம் என்பதால் எதுவும் ஆச்சரியமில்லை. நம் கண்ணுக்கும் அந்தச் சீட்டுக்கும் நடுவே ஒரு எடிட்டர் உட்கார்ந்திருக்கிறார். அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' கதையில் சினிமாக் கம்பெனியின் ஓர் அறையில், வேலை தேடி வந்த மனிதன் கண்முன்னால் புலியாகிறானே, அந்த நெருக்கம் சீட்டு வித்தைக்கு இயல்பாகவே இருக்கிறது. நாலடி தூரம், ஒரு பாய், பத்துப் பேர். அந்த நாலடிக்குள் பொய் சொல்ல நமக்கு அனுமதி தரப்பட்டிருக்கிறது. அதை எதற்குப் பயன்படுத்துகிறோம்?

சொந்தமாக ஒரு சீட்டு வித்தை உருவாக்க நினைப்பவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதை ஒரு வரியில் சொல்ல முடியுமா? நீங்கள் செய்யச் சொல்கிற ஒவ்வொரு அசைவுக்கும் பார்க்கிறவர் வாழ்க்கையில் ஒரு காரணம் இருக்கிறதா? வித்தை முடிந்து எழுந்து போகும்போது அந்த அறையில் யாராவது ஒருவர், வந்தபோது இருந்ததைவிடச் சின்னவராகப் போகிறாரா?

முதல் இரண்டில் தோற்றால் சுமாரான வித்தை. திருத்திக்கொள்ளலாம். மூன்றாவதில் தோற்றால், கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், நீங்கள் போட்டது மூணு சீட்டு.